நாய்க்குச் சோறாவது வந்தது

ஓலைத்தொடுவாய்,
மன்னார்.
செபமாலை மாதா திருநாள் கழிஞ்ச வியாழக்கிழமை.

அன்பு மகள் டினோஜாவுக்கு,

மடு மாதாவின்ரை நிழல் உன்னிலை விழட்டும். சோளகக் காத்து ஓய்ஞ்சிட்டுது, வாடை இன்னும் பிடிக்கேல்லை. கடல் தட்டிலை வைச்ச தண்ணி மாதிரிக் கிடக்குது. சுகமோ எண்டு கேட்டால், கடல் சுகம். எங்களைப் பற்றிக் கீழை சொல்லுறன்.

இதை எழுதிறது பரீனா ரீச்சர். நீ கனடா போனாப் பிறகு எங்கடை பள்ளிக்கூடத்துக்கு மாறி வந்தவ. புத்தளத்திலை வளந்து, தகப்பனின்ரை காணிக்குத் திரும்பி வந்த குடும்பம். எங்கடை கோயில் சனத்தைக் கொண்டு எழுதுவிச்சால் பின்னேரம் கடற்கரை முழுக்க அந்தக் கதைதான் நடக்கும். அதாலை இவவிட்டை வந்தனான். முதல் நான் சொல்லச் சொல்ல அவ நல்ல தமிழிலை மாத்தி எழுதிப்போட்டா. வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டன். ஏதோ அரசாங்கக் கந்தோரிலை இருந்து வந்த கடிதம் மாதிரி இருந்துது. ரீச்சர், இதை என்ரை மகள் அப்பா எண்டு நம்ப மாட்டாள், நான் கதைக்கிறபடி போடுங்கோ எண்டன். சிரிச்சுப்போட்டுக் கடதாசியைக் கிழிச்சா.

குரலைப் பதிஞ்சு அனுப்புங்கோவன் அப்பு, உடனை போயிடும் எண்டும் சொன்னா. வீட்டுப் போன் அம்மாவின்ரை தலையணைக்குக் கீழை கிடக்குது. அதோடை, குரல் போனால் நீ என்ரை இருமலைத்தான் கேட்பாய். போனிலை கதைச்சால் நீ அழத் துவங்க நான் வைச்சிடுவன். எப்பவும் அப்பிடித்தானே நடக்குது. எழுத்து எண்டால் நீ ரெண்டு தரம் வாசிக்கலாம். எழுதி முடியப் படம் எடுத்து உனக்கு அனுப்பிறன் எண்டு ரீச்சர் சொல்லுறா. கடதாசி பிறகு வரும்.

ஊர்ப் புதினம் பெரிசா ஒண்டும் இல்லை. அந்தப் பக்கத்து இந்திய றோலர் வள்ளங்கள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போறது நிக்கேல்லை. எனக்கு அறுந்த வலை பொத்திற வேலை வருது, கண்தான் வருகுதில்லை. கரன்ட் எடுக்கிற காத்தாடிக் கோபுரம் இஞ்சை வேண்டாம் எண்டு சனம் றோட்டிலை இருந்துது. நானும் ஒரு நாள் போய்க் குந்தினன். முழங்கால் பிடிச்சு என்னைத் தூக்கி விட நாலு பேர் தேவைப்பட்டுது. ரவுண் கழுதையள் ரெண்டு இஞ்சாலை வந்து உன்ரை செவ்வரத்தைப் பூமரத்தை மொட்டையாக்கிப்போட்டுதுகள். அது திரும்பத் துளிர்க்கும். கவலைப்படாதை.

இனி விசயத்துக்கு வாறன்.

நீ புதுப் பாதருக்குப் போன் எடுத்துக் அண்ணன் கிறிஸ்ரிக்குப் பூசை ஒப்புக்குடுத்தது எங்களுக்குத் தெரியாது. பழைய பாதர் எண்டால் உன்னட்டைத் திருப்பிக் கேட்டிருப்பார். உன்ரை அண்ணன்ரை பேர் எங்கடை கோயிலிலை எந்தப் பக்கம் வாசிக்கிறது எண்டு அவருக்குத் தெரியும். வருசா வருசம் அவன் பிறந்த நாளுக்கு அம்மா குடுக்கிற பூசை, உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை வேண்டுதலோடைதான் வாசிக்கப்படும். வெளிநாட்டிலை இருக்கிறவைக்கு, சோதினை எழுதிற பிள்ளையளுக்கு, கடலுக்குப் போறவைக்கு, அதுகளோடை கிறிஸ்ரிக்கு. இந்தப் பாதர் வந்து நாலு மாசம். நல்ல மனுசன். நீ சொன்னபடி செய்தார்.

மூண்டு கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மைக்கிலை வாசிச்சினம். ஆத்தும இளைப்பாற்றிக்காக எண்டு துவங்கி, போன மாதம் செத்த வள்ளக்காரத் தோமஸின்ரை பேர், பிறகு ஒரு கிழவியின்ரை பேர், அதுக்குப் பிறகு செபமாலை கிறிஸ்ரி. என்ரை காதிலை விழுந்துது. ஆனால் உள்ளுக்கை போகேல்லை. செத்தவைக்கான அந்தச் செபத்தை உனக்குத் தெரியும்தானே. பாதியைப் பாதர் சொல்லுவார், மற்றப் பாதியைச் சனம் சொல்லோணும். அவர் தன்ரை பாதியைச் சொன்னார். நான் என்ரை பாதியைச் சொன்னன்.

சொன்னன் பிள்ளை. உரத்துத்தான் சொன்னன். பால்குடி மறந்த நாளிலை இருந்து சொல்லுற செபம். என்ரை அப்பாவுக்குச் சொன்னது, அம்மாவுக்குச் சொன்னது, செல்லடியிலை செத்த அவ்வளவு பேருக்கும் சொன்னது. அந்த முதல் பாதி காதிலை விழுந்தால் மற்றப் பாதி வாயிலை தானா வந்து நிக்கும். ஆம்பிளையள் பக்கம் இருந்து என்ரை குரல் பொம்பிளையள் பக்கம் போய் அம்மாவின்ரை காதிலை விழுந்திருக்கு. அவ்வளவு சனத்துக்குள்ளையும் என்ரை குரலை அவ பிரிச்செடுப்பா எண்டு உனக்குத் தெரியும். அவ எழும்பி என்னைத் திரும்பிப் பாத்தா. பிறகு வெளிய போனா. செருப்பையும் விட்டிட்டுச் சுடுமணலிலை போனா. நான் அதைக் கையிலை தூக்கிக்கொண்டு பின்னாலை போனன். படலையடியிலை வைச்சு ஒரே ஒரு கதைதான் சொன்னா. நீங்களும் மண் அள்ளிப் போட்டிட்டியள் எண்டு.

அதுக்குப் பிறகு என்னோடை கதை இல்லை. சமைக்கிறா, குசினிக்குள்ளை மூடி வைக்கிறா. சோறு கிடக்கு எண்டு பூனையிட்டைச் சொல்லுறா. நானும் பூனையிட்டைத்தான் சொல்லுறன், உப்புக் கூடிப்போச்சு எண்டு. உப்புக் கூடினதெண்டால் கடலிலை போய்த் தின்னட்டாம் எண்டு பூனையிட்டைப் பதில் வருது. ரீச்சர் இதைக் கேட்டுச் சிரிக்கிறா. நானும் முதல் ரெண்டு நாள் சிரிச்சனான். இப்ப ஏலாமல் கிடக்கு. அம்மா சீனி வருத்தக் குளிசையைப் போடுறேல்லை. கிளினிக்குக்குப் போகேல்லை. காலிலை சிப்பி வெட்டின புண் ஒண்டு ஆறாமல் இருக்கு. குளிசையைக் கையிலை வைச்சு நீட்டினன். செத்தவையின்ரை பேரோடை தன்ரையையும் வாசிக்கச் சொல்லு எண்டு பூனையிட்டைச் சொன்னா. கோயிலுக்கும் போறேல்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்ததை நீ கண்டிருக்கிறியோ? கொட்டிற மழைக்குள்ளை, காம்புக்குள்ளை இருந்த நேரமும் போனவ.

உன்னிலை எனக்குக் கோவம் இல்லை. நீ ஆவணியிலை போன் எடுத்துச் சொன்னதெல்லாம் எனக்கு அப்பிடியே இருக்கு. அம்மா துக்கப்படேல்லை அப்பா, அவ காத்துக்கொண்டிருக்கிறா எண்டனீ. காத்திருக்கிறது துக்கத்தை அடைச்சு வைக்கும், அடைச்சது உடம்பாலை வெளிய வரும் எண்டனீ. அந்த வியன்னா டொக்ரர், ஆக்களைக் கட்டிலிலை படுக்கவிட்டுக் கதைக்க விட்டவர், அவர் சொன்னதையும் சொன்னனீ. போன ஆளிலை வைச்ச அன்பை ஒவ்வொரு முடிச்சா அவிட்டு எடுக்கோணும், எடுக்காட்டி ஆள் நோயாளி ஆயிடும் எண்டு. பேரை ஒருக்கா உரத்துச் சொல்லி, சேமக்காலையிலை ஒரு கல்லை நட்டு, ஆத்துமாக்கள் திருநாளிலை அம்மா அதிலை ஒரு மெழுகுதிரி கொளுத்தினால் எல்லாம் அவிழும் எண்டனீ. நான் ம் எண்டனான். அது, நீ சொல்லுறது கேக்குது எண்ட ம். நீ அதைச் சரி எண்டு எடுத்திட்டாய். போனிலை முகம் தெரியாதுதானே.

அந்த ஆக்களை எனக்கும் தெரியும் பிள்ளை. நீ யாழ்ப்பாணத்திலை உளவியல் படிச்ச காலம் லீவிலை வந்து, பின் வளவு வேம்புக்குக் கீழை நடந்து நடந்து பாடமாக்குவாய். நான் அங்கை இருந்து வலை பொத்துவன். எனக்கு எழுத்துத் தெரியாது. காதாலை போனது வெளிய வராது, அதுதான் என்ரை வருத்தம். ஒரு ஆராய்ச்சி அறையைத் துவங்கி, மணி கேட்டு ஒரு மனுசன்ரை கை அசைய எவ்வளவு நேரம் எண்டு அளந்த ஜேர்மன்காரர். அர்த்தமில்லாத எழுத்துக்களைப் பாடமாக்கி, எத்தினை நாளிலை எவ்வளவு மறக்குது எண்டு தன்னைத் தானே சோதிச்ச மற்ற ஜேர்மன்காரர். முதல் நாள்தான் கூட மறக்குமாம், பிறகு மெல்ல மெல்லவாம். எனக்கு அந்த முதல் நாளே இன்னும் வரேல்லை. கிறிஸ்ரி வலை நூல் வாங்க ரவுணுக்கு வெளிக்கிட்ட அண்டு நீலக் கோடு போட்ட சேட்டு, சைக்கிள் பின் சில்லுக்குக் காத்துக் காணாது, என்ரை காத்தடிக்கிற பம்பைத் தேடித் தேடிக் காணாமல் அப்பிடியே மிதிச்சுக்கொண்டு போனான். பம்பு கூரையிலை செருகிக் கிடந்தது. பின்னேரம் கண்டன். கிறிஸ்ரி அதுக்குப் பிறகு வீடு வந்து சேரேல்லை. ஆள் பாலத்தடியிலை நிண்டதைக் கண்டதா ஒருத்தர் சொன்னார். பிறகு அவரும் காணேல்லை எண்டார்.

பிறகு அந்த றஷ்யாக்காரர், நாய்க்குச் சோறு போடேக்கை மணி அடிச்சவர். பிறகு சோறில்லாமல் மணியை மட்டும் அடிக்கவும் நாய்க்கு வாயூறினது. அதை நீ பாடமாக்கிக்கொண்டு நிக்கேக்கை றோட்டாலை ஆரோ சைக்கிள் மணி அடிச்சுக்கொண்டு போச்சினம். அம்மா புடைச்சுக்கொண்டிருந்த அரிசியை அப்பிடியே விட்டிட்டுப் படலைக்கு ஓடினா. நீ சிரிச்சுக்கொண்டு, அம்மா, நீங்களும் அந்த நாய் மாதிரித்தான் எண்டனீ. நான் பயந்திட்டன். அம்மா திரும்பி வந்து, சுளகைக் கையிலை எடுத்துக்கொண்டு, நாய்க்குச் சோறாவது வந்துது எண்டா. நீயும் சிரிச்சாய், அவவும் சிரிச்சா. அண்டைக்கு ஆரும் கனக்கச் சாப்பிடேல்லை.

அதுக்குப் பிறகு நீ இன்னொண்டும் படிச்சனீ. மணியை அடிச்சு அடிச்சுச் சோறு குடுக்காமல் விட்டால், கொஞ்ச நாளிலை நாய் அந்த வாயூறலை விட்டிடுமாம். எனக்கு அதை ஒருக்கா விளங்கப்படுத்து. பதினேழு வருசமா இந்த றோட்டாலை எத்தினை சைக்கிள் போயிருக்கும்? ஏன் அம்மாவுக்கு விட்டுப்போகேல்லை? நான் வாதாடக் கேக்கேல்லை. எனக்குத் தெரியாமல்தான் கேக்கிறன். உங்கடை புத்தகத்திலை அதுக்கு ஏதும் இருந்தால் சொல்லு. இல்லையெண்டாலும் சொல்லு.

அந்தக் கோயில் அலுவலிலை நான்தான் நாய். பாதர் பாதியை அடிச்சார், என்ரை வாய் மீதியை ஊறினது. அதை அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது? வாய்தான் சொன்னது மார்த்தா, நான் சொல்லேல்லை எண்டு பூனையிட்டைச் சொல்லிப் பாத்தன். அம்மா பூனையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளை போயிட்டா.

வியன்னா டொக்ரரைப் பற்றி நீ சோதினைக்கு வராது எண்டு விட்ட ஒரு துண்டு இருக்கு. அவரின்ரை மகளும் காய்ச்சலிலை செத்தவ எண்டும், கன வருசம் கழிச்சும் தன்னை ஆத்த ஏலாது எண்டு அவரே ஒருத்தருக்கு எழுதினவர் எண்டும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனீ. அம்மா, பாவம் அந்த மனுசன் எண்டு சொல்லிப்போட்டு அண்டைக்கு அவருக்கும் ஒரு பரலோக மந்திரம் சொன்னா. அவருக்கு மகளைப் புதைச்ச இடம் தெரியும். தெரிஞ்சும் அவிழேல்லை. எங்களுக்கு எதிலை இருந்து அவிட்டுத் துவங்கிறது எண்டே தெரியாது.

கல் மேசன் வந்தவர். நீ சொல்லி அனுப்பினதாம். கல்லை வெட்டி மினுக்கியாச்சு, எழுத்து மட்டும் பாக்கி எண்டார். கல் வைக்கிற கதை அம்மாவின்ரை காதிலையும் விழுந்திருக்கு, நல்லகாலம் அந்த நேரம் அவ கிணத்தடியிலை. பேரைச் சொன்னன். பிறந்த வருசம் கேட்டார், சொன்னன். மற்ற வருசம் எண்டார். எனக்கு அவன் வீட்டாலை வெளிக்கிட்ட வருசம் தெரியும். அவர் பென்சிலைக் காதிலை செருகிக்கொண்டு, அந்த இடத்தை வெறுமையா விடட்டோ ஐயா எண்டு கேட்டார். பிறகு சொல்லிவிடுறன் எண்டு அனுப்பிப்போட்டன். அது ஒரு கிழமையாச்சு. என்ன சொல்லிவிடுறது எண்டு யோசிச்சு யோசிச்சுத்தான் இண்டைக்கு ரீச்சர் வீட்டுக் கதிரையிலை வந்து இருக்கிறன். களைச்சுப்போனன் பிள்ளை. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அம்மா. ரெண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் சண்டை.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு எண்டு நீ வந்து மூண்டு கிழமை நிப்பாய். கல்லை நடுவாய், மெழுகுதிரி கொளுத்துவாய், பிறகு பிளேனிலை ஏறிப் போயிடுவாய். அமெரிக்காவிலை ஒரு குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டிக் காட்டிப் பின்னாலை இரும்பிலை அடிச்சு, எலி எண்டாலே கத்திற மாதிரிப் பயப்படுத்தினவையாம். அந்தப் பயத்தை எடுத்துவிட முதல் குழந்தையைத் தாய் கொண்டு போயிட்டா எண்டு நீ படிச்சனீ. நான் வலையை விட்டிட்டு உன்னைக் கேட்டது ஞாபகம் இருக்கோ? பிறகு அந்தக் குழந்தையின்ரை பயத்தை ஆர் எடுத்தது எண்டு. புத்தகத்திலை எழுதேல்லை அப்பா எண்டனீ. அந்தத் தாயை நான் இண்டைக்கும் நினைக்கிறனான். எலி மாதிரி வெள்ளையாக் கிடக்கிற பஞ்சைக் கண்டும் பிள்ளை அழ, ஏன் எண்டு தெரியாமல் நிண்டிருப்பா.

போட்டவைதான் எடுக்கோணும் மகள். இந்தப் பூசையை நீதான் குடுத்தனீ, நீதான் திருப்போணும். நான் போய்ப் பாதரோடை கதைச்சனான். செத்தவைக்கு எண்டு செபிச்சாலும் உயிரோடை இருக்கிறவைக்கு அதாலை கெடுதல் வராது ஐயா எண்டு ஆறுதலாச் சொன்னார். அது உண்மையாக இருக்கும். ஆனால் அம்மாவுக்கு அது காணாது. நீ பாதருக்குத் திரும்ப எடு. கார்த்திகையிலை கிறிஸ்ரி பிறந்த நாளுக்கு, உயிரோடை இருக்கிறவையின்ரை வேண்டுதலிலை அவன்ரை பேரைச் சேர்க்கச் சொல்லு. உன்ரை பேரிலை குடு. பிறகு அம்மாவுக்கு எடு. நியாயம் ஒண்டும் சொல்லாதை. கல் இல்லை அம்மா எண்டு மட்டும் சொல்லு. அவ கதைக்க மாட்டா. நீ வைக்காமல் பிடிச்சுக்கொண்டிரு. அவவுக்கு மூச்சுக் கேட்டால் காணும். நாளைக்குக் குளிசையைப் போடுவா எண்டு நினைக்கிறன்.

உங்கடை ஆக்களிலை ஒருத்தரை எனக்குப் பிடிக்கும். ஒண்டும் புத்தி சொல்லாமல் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, முன்னாலை இருக்கிறவர் சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுவாராம், அந்த அமெரிக்காக்காரர். வரேக்கை மற்றவையை அங்கை விட்டிட்டு அவரை மட்டும் கூட்டிக்கொண்டு வா.

இனிச் சொல்லப்போறதை எழுதவோ எண்டு ரீச்சர் பேனையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பாத்தா. எழுதுங்கோ எண்டன். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைச்சிட்டுத்தான் எழுதிறா.

வெட்டின கல்லை வீணாக்க வேண்டாம். மேசனிட்டை அது கிடக்கட்டும். எனக்கும் வயசாச்சு. என்ரை பேரை அதிலை மேலை வெட்டச் சொல்லு, பிறந்த வருசம் உனக்குத் தெரியும், மற்ற வருசத்தை ஆரும் பாத்துச் சொல்லுவினம். என்ரை பேருக்குக் கீழை ஒரு வரி இடம் விடச் சொல்லு. அம்மா கண்டால் அது தனக்கு எண்டு நினைப்பா. நினைக்கட்டும். அவ போற காலத்திலை அவவுக்கு வேறை கல் வை, அவ என்னோடை ஒரு கல்லிலை கிடந்து பூனையிட்டைச் சொல்லிவிட வேண்டாம். அதுக்குப் பிறகு அந்த வரியிலை ஆரின்ரை பேரை எழுதோணும் எண்டு உனக்குத் தெரியும். நான் வேறை ஒண்டும் சொல்லேல்லை. அண்டைக்குக் கோயிலிலையும் என்ரை வாய்தான் சொன்னது.

கடைசியா ஒண்டு. நீ சின்னனிலை பள்ளிக்கூடத்தாலை சைக்கிளிலை வந்து மணி அடிப்பாய். அம்மா ஓடி வந்து படலையைத் திறந்து, உன்னைக் கண்டிட்டு, ஓ நீயோ எண்டு திரும்பிப் போவா. பிறகு ஒரு நாள் நீ அந்த மணியைக் கழட்டி வேலிக்குள்ளை வைச்சனீ. நான் கண்டனான் பிள்ளை. அம்மா காணேல்லை.

இந்த முறை வந்து இறங்கேக்கை ஓட்டோக்காரரை ஹோன் அடிக்க விடாதை. படலையடியிலை நிண்டு உன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடு. அம்மா, நான் டினோஜா வந்திருக்கிறன் எண்டு உரத்துச் சொல்லு. காலிலை புண்ணோடை கொஞ்சம் சுணங்கித்தான் வருவா. நீ பொறுத்து நில்லு. இந்த ஒரு தரம் அவ உனக்கெண்டு எழும்பி வரட்டும்.

அதைக் காண எனக்கும் கண் மிஞ்சியிருக்க மாதாவை மண்டாடு.

உன்ரை நெத்தியிலை சிலுவை போட்டு,
அப்பா
செபமாலை
(அவர் சொல்ல எழுதியது: பரீனா)